நிலவறைக் காற்று

இது நடந்தது. நம்பாதவர்களோடு நான் வாதாடுவதில்லை. எங்கள் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் ஹோல்ஸ்பாக் என்ற ஊரைத் தேடிப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். வீட்டு எண் இருக்காது, குடியிருப்பவர் பெயர் இருக்காது. ஆனால் அந்தக் கோடு இருக்கும். ஏறிக்கொண்டே வந்து, சட்டென்று கிணற்றில் விழுந்ததுபோல் இறங்கி, மறுபடி ஏறும் கோடு.

என் பெயர் கெர்ஸ்டின் ஊலிக். சாக்சனியில், செக் எல்லையை ஒட்டிய மலையூர்களில், தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அளந்து ஊருக்குச் சொல்வது என் வேலை. எங்கே பழைய சுரங்கம், எங்கே மண் உள்வாங்கலாம், எந்தப் பாறையில் எந்த உலோகம், எந்த வீட்டில் எவ்வளவு ரேடான். எல்லாம் வரைபடமாகப் போட்டுவிடுவோம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ரேடான் ஒரு வாயு. எங்கள் மலைப் பாறையில் யுரேனியம் உண்டு. அது மெல்லச் சிதையும்போது இந்த வாயு பிறக்கிறது. நிறம் கிடையாது, மணம் கிடையாது. பாறை வெடிப்பு வழியாக மேலே வந்து, வீடுகளின் நிலவறையில் தங்கும். நாள் கணக்கில் மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். அந்தக் காலத்துச் சுரங்கத் தொழிலாளிகள் நாற்பது வயதில் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார்கள். காரணம் என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது.

வீட்டுக்குள் ஒரு கன மீட்டர் காற்றில் கதிரியக்க அளவு முந்நூறு பெக்கரல் வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் ஏதாவது செய்தாக வேண்டும். யானா வைகல் வீட்டு நிலவறையில் ஆயிரத்து நூறு.

அதிலும் எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. தினமும் மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்த ஆயிரத்து நூறு எண்பதுக்கு விழுந்தது. அரை மணி நேரம் அப்படியே கிடந்தது. பிறகு மெல்ல ஏறியது. திங்கள் முதல் சனி வரை இதே கதை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விழவில்லை.

வாயுவுக்குக் கிழமை தெரியாது.

மீட்டரை மாற்றினேன். அதே கோடு. இரண்டு மீட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் அதே கோடு. சரி, வீட்டுக்காரர்கள்தான் கதவைத் திறந்து வைத்துக் காற்றோட்டம் விடுகிறார்கள் என்று நினைத்தேன். அளவு குறைய வேண்டுமே என்ற பயத்தில் பலர் செய்வதுதான். நேரிலேயே போய்க் கேட்டேன்.

யானா ரொட்டிக் கடையில் விடியற்காலை வேலை பார்ப்பவள். கணவன் டோர்ஸ்டன் வாரம் முழுக்க பவேரியாவில் வேலை. வெள்ளி ராத்திரிதான் வருவான். வீட்டில் ஐந்து வயது மகள் ஃப்ரீடா, நான்கு மாதக் குழந்தை ஆன்டன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் வாரங்கள் தொடங்கியிருந்ததால், எங்கள் பக்கத்து வழக்கப்படி, வீட்டிலுள்ள பெண் பிள்ளைக்கு ஒரு மரத் தேவதையும் ஆண் பிள்ளைக்கு ஒரு மரச் சுரங்கத் தொழிலாளியும் ஜன்னலில் விளக்கேந்தி நின்றன.

நான் கேட்டதும் அவள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தினம் அஞ்சுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி, கடிகாரத்தப் பாத்து, உங்க மெஷின ஏமாத்த நான் கீழ போறேனா? அந்த நேரத்துல ஒரு கையில பால் பாட்டில், ஒரு கையில இவன். மூணாவது கை வாங்கிக் குடுங்க மேடம், தொறக்கறேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, சொல்ல வந்ததைச் சொன்னேன். கிறிஸ்துமஸுக்குள் அளவு முந்நூறுக்குக் கீழ் வராவிட்டால் குழந்தைகள் அங்கே தூங்கக் கூடாது. மூட்டை கட்டிக்கொண்டு மாமியாரின் அடுக்குமாடி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"எத்தன நாளைக்கு?"

"தெரியல."

"இந்த வாயுவாவது நுரையீரலோட நிறுத்திக்கும்," என்றாள் யானா. "எங்க மாமியார் உயிரையே எடுத்துரும்."

சிரித்தாள். ஆனால் கண்கள் சிரிக்கவில்லை. டோர்ஸ்டனும் அவளும் அந்த வீட்டை நான்கு வருடம் தங்கள் கையாலேயே பழுது பார்த்துக் கட்டியவர்கள். சுவரில் காரை ஈரம் இன்னும் காயாத இடங்கள்கூட இருந்தன.

வரைபடத்தைப் பார்த்தேன். பழைய சுரங்கம் உள்ள இடங்களைச் சிவப்பாகவும் ஆரஞ்சாகவும் காட்டுவோம். வைகல் வீடு இருந்த இடம் வெள்ளை. ஊர்க்காரர்கள் வெள்ளையைப் பார்த்தால் நிம்மதியாக வீடு வாங்குவார்கள். அது தவறு. வெள்ளை என்றால் கீழே ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. கீழே இருப்பதை யாரும் எழுதி வைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

மறுநாள் மாலை நான் மட்டும் அந்த நிலவறையில் போய் உட்கார்ந்தேன்.

டிசம்பரில் எங்கள் ஊரில் நாலரைக்கே இருட்டிவிடும். வெளியே மைனஸ் ஒன்பது. நிலவறையின் தரை பழைய கல் பாவியது. மூலையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதன் பக்கத்தில் கூம்பு சாம்பிராணி ஒன்றைக் கொளுத்தி வைத்தேன். எங்கள் பக்கத்தில் இந்த மாதத்தில் எல்லா வீட்டிலும் இருக்கும் பொருள். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று காட்ட அதைவிட நல்ல கருவி கிடையாது.

புகை வெடிப்பை ஒட்டி நேராக, வேகமாக மேலே ஏறியது. ஏறத்தான் வேண்டும். மலைக்குள் வருடம் முழுக்க எட்டு டிகிரி. குளிர்காலத்தில் வெளிக்காற்றைவிட உள்காற்று சூடு. சூடான காற்று லேசு. அதனால் மலை முழுவதும் ஒரு பெரிய புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். அடியில் குளிர்காற்றை உறிஞ்சும், உச்சியில் விடும். கோடையில் இது தலைகீழாகும். ஆக, பனிக்காலத்தில் அந்த வெடிப்பில் காற்று கீழே இறங்க வழியே இல்லை.

வெடிப்புக்கு அடியில் ஏதோ காலி இடம் இருக்கிறது என்பது மட்டும் நிச்சயமானது. நான் அதைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

4:50.

டக்.

கதவுக் கொண்டியைத் தூக்கும் சத்தம். கீழே. மிகவும் கீழே.

புகை நின்றது. ஒரு நொடி அப்படியே தொங்கியது. பிறகு வளைந்து... நூல் ஊசிக்குள் போவதுபோல் வெடிப்புக்குள் இறங்கியது.

என் பின்கழுத்தில் காற்று. மேல் வீட்டுக் காற்று படிக்கட்டு வழியாக இறங்கி என்னைத் தாண்டி வெடிப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. மீட்டர் ஏன் விழுகிறது என்று புரிந்தது. கீழே ஒரு கதவு திறக்கிறது. நல்ல காற்று உள்ளே போகிறது. அவ்வளவுதான்.

அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பிறகு இருமல் கேட்டது.

ஒருவர் இருமினார். வறட்டு இருமல். அது வலமிருந்து இடமாக நகர்ந்தது. அடுத்து இன்னொருவர். அதுவும் நகர்ந்தது. பிறகு இன்னொருவர்... வரிசையாக... என் காலுக்கு அடியில்.

விளக்கில் எண்ணெய் கருகும் வாடை வந்தது. ஈரக் கம்பளி வாடை.

டக்.

புகை மறுபடி மேலே ஏறியது.

நான் மேலே வந்தபோது யானா பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டாள். கீழே ஒரு பழைய சுரங்கப்பாதை இருக்கிறது, தோண்டிப் பார்க்க வேண்டும் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

எங்கள் மலையில் பழைய சுரங்கங்களைப் பத்திரப்படுத்த இன்றும் ஆட்கள் இறங்குகிறார்கள். அந்தக் குழுவின் மேஸ்திரி லோட்டார் ஓசர். முப்பது வருடமாக மண்ணுக்குள் இருப்பவர், பெரிய உருவம், எதையும் கேலி செய்யாமல் விடமாட்டார். ஏற்கெனவே பக்கத்துத் தெருவில் அவர்கள் இறக்கியிருந்த குழியிலிருந்து பக்கவாட்டில் ஒரு பாதை வெட்டச் சொன்னேன். ஒரு வாரத்தில் வைகல் வீட்டுக்கு நேர் கீழே போய்விட்டார்கள். பதினோரு மீட்டர் ஆழம்.

அங்கே ஒரு கதவு இருந்தது.

ஓக் மரக் கதவு. கல் சட்டம். துருநிறப் படிவு கதவின் மேலும் சட்டத்தின் மேலும் ஒரே போர்வையாகப் படிந்து, இடுக்கே தெரியாமல் மூடியிருந்தது. அப்படிப் படிய இருநூறு வருடமாவது ஆகும். அதாவது இருநூறு வருடமாக அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை.

கொண்டி மட்டும் சுத்தமாக இருந்தது. கை பட்டுப் பட்டு வழுவழுப்பான இரும்பு.

ஓசர் அதைப் பார்த்தார். கேலிகூடச் செய்யவில்லை.

அன்று மாலை அவர் கீழே கதவின் முன்னால். நான் மேலே நிலவறையில், சாம்பிராணிப் புகையின் முன்னால். இருவருக்கும் இடையில் கம்பி இழுத்த சுரங்கத் தொலைபேசி. கதவு அசைந்தால் அவர் சொல்ல வேண்டும், புகை வளைந்தால் நான் சொல்ல வேண்டும்.

"கெர்ஸ்டின், இங்க கதவு தூங்குது," என்றார் 4:48-க்கு. "நானும் தூங்கிடுவேன் போல."

4:50. புகை வளைந்தது.

"இப்போ," என்றேன்.

"அசையல."

"காத்து கீழ போகுது."

"கதவு அசையலன்னு சொல்றேன்ல... நேராப் பாத்துக்கிட்டுதான் நிக்கிறேன்."

பிறகு மூச்சுச் சத்தம் மட்டும் கம்பியில் வந்தது.

"லோட்டார்?"

"...யாரோ என்னத் தாண்டிப் போறாங்க."

நான் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நெருக்கமா," என்றார். "சட்டை உரசுது."

அப்புறம், மெல்ல, மரியாதையான குரலில், "கிளூக் ஆவுஃப்," என்றார்.

அது எங்கள் சுரங்க வணக்கம். சுரங்கத்தில் ஒருவர் சொன்னால் மற்றவர் திருப்பிச் சொல்லியே தீர வேண்டும். அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். அவர் அதைச் சொன்ன விதம்... பதில் சொல்வதுபோல் இருந்தது.

கம்பியில் அவருக்கு முன்னால் யாரும் பேசியது எனக்குக் கேட்கவில்லை.

மேலே வந்ததும் ஓசர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். புகைக்காமலே அதை எரிந்து தீரவிட்டார். இருவரும் அறிக்கையில் ஒரே வரி எழுதினோம்: கதவு உண்டு, காற்றோட்டம் உண்டு.

அலுவலகத்தில் திட்டம் உடனே தயாரானது. பாதையில் ஒரு மின்விசிறி வைத்து, மலைக்காற்றை வீட்டுக்கு வராமல் பக்கவாட்டில் இழுத்து வெளியேற்றுவது. நல்ல திட்டம். பல ஊர்களில் பலித்திருக்கிறது. விசிறிக்கு இடம் வேண்டும், கதவு வழியில் நிற்கிறது. கழற்றிவிடுவது என்று முடிவானது. விசிறி திங்கட்கிழமை வரும். கதவை வெள்ளிக்கிழமை மதியமே ஓசரின் ஆட்கள் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். கீல்கள் பொடியாக உதிர்ந்தன.

வெள்ளி மாலை, நான் இன்னும் ஊரில்தான் இருந்தேன். ஓசரின் வண்டியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. யானா.

"மேடம், உங்க மெஷின் கத்துது."

"எவ்ளோ காட்டுது?"

"நாலாயிரம். இல்ல... அஞ்சு. ஏறிக்கிட்டே இருக்கு."

அளவு ஏறியதற்கு எனக்குக் காரணம் தெரியும். கதவு போய்விட்டதால் பாதை முழுக்கத் திறந்துவிட்டது. மலையின் காற்று மொத்தமும் அந்த வெடிப்பைத் தேடி வருகிறது. புகைபோக்கியின் மூடியை எடுத்தாற்போல. இதை நான் மதியமே யோசித்திருக்க வேண்டும். யாரும் யோசிக்கவில்லை.

"பிள்ளைங்கள எடுத்துக்கிட்டு வெளிய வா," என்றேன். "இப்பவே."

"ஆன்டன் மாடியில தூங்குறான்... மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? கீழ உங்க ஆளுங்க யாராவது இருக்காங்களா?"

"இல்லையே."

"யாரோ இருமுறாங்க."

மணி பார்த்தேன். 4:52.

இரண்டு தெருதான். ஓடினோம். பனியில் வழுக்கி விழுந்தேன். எழுந்தேன். வாசல் கதவு திறந்திருந்தது. ஃப்ரீடா உள்ளாடையோடு நடைக்கூடத்தில் நின்றாள். நிலவறைப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கு வழி தெரியல," என்றாள்.

ஓசர் அவளைத் தூக்கிக்கொண்டார்.

நிலவறை இருட்டாக இருந்தது. இருமல் மேலே வந்துகொண்டிருந்தது. முதல் படியில். இரண்டாம் படியில்...

ஈரக் கம்பளி வாடை. எண்ணெய்ப் புகை.

யானா மாடியிலிருந்து குழந்தையோடு ஓடிவந்தாள். நடைக்கூடத்தின் பாதியில் நின்றுவிட்டாள். அவளுக்கும் வாசலுக்கும் நடுவில்தான் நிலவறைக் கதவு.

"வா," என்றேன்.

அவள் அசையவில்லை.

படிக்கட்டில் யாரும் இல்லை. ஆனால் படிப்பலகைகள் அழுந்தின. ஒவ்வொன்றாக. ஒருவர் பின் ஒருவராக.

குழந்தை இருமினான்.

யானா ஓடினாள். எதையோ இடித்துக்கொண்டு, தோளைச் சாய்த்து, கூட்டத்தில் புகுந்து போவதுபோல் ஓடினாள். என் கை அவள் கையைப் பிடித்தது. வெளியே வந்துவிட்டோம்.

அவளுடைய சட்டைத் தோளில் துருநிறச் சேறு.

தெருவில் நின்று நால்வரும் அந்த வீட்டைப் பார்த்தோம். ஒவ்வொரு ஜன்னல் கண்ணாடியிலும் உள்பக்கமாக ஆவி படர்ந்தது... மூச்சு விட்டாற்போல.

ஓசர் பேசினார். குரல் தணிந்திருந்தது.

"வேலை முடிஞ்சு போறவங்க கெர்ஸ்டின். கதவைத் தாண்டினா வீடு. நூறு தடவ, ஆயிரம் தடவ அந்தக் கதவைத் தொட்டுத்தான் திரும்பியிருப்பாங்க. இருட்டுல கண்ணு தெரியாது, கைதான் தெரியும். நாம கதவ எடுத்துட்டோம்."

சுரங்கத்தில் கதவு என்பது மறைப்பு மட்டுமல்ல. காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்வது கதவுதான். நான் மாணவர்களுக்குப் பாடமாகவே சொல்லியிருக்கிறேன். மனிதர்களுக்கும் அதுதான் சொல்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

ஓசர் தன் ஆட்களை வீடுகளிலிருந்து அழைத்தார். வாரக் கடைசி என்று யாரும் முனகவில்லை. எதற்கு என்றும் கேட்கவில்லை. அவர் சொன்னதை வைத்தே புரிந்துகொண்டார்கள் போலும். பழைய ஓக் பலகையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். புதிய பித்தளைக் கீல் போட்டார்கள். பழையபடி காற்று கசியாமல் பலகை வெடிப்புகளை அடைத்து, விளிம்பு முழுக்க ரப்பர் பட்டை ஒட்டினார்கள். கொண்டி மட்டும் பழையது. டோர்ஸ்டன் பவேரியாவிலிருந்து வந்து சேர்ந்தபோது அவன் மனைவியும் பிள்ளைகளும் மாமியார் வீட்டில் இருந்தார்கள். நான் அவனுக்குக் காற்றோட்டம் பற்றி மட்டும் விளக்கினேன். அவன் நம்பினான். அதுவும் உண்மைதானே.

ஒரு வாரம் கழித்து நிலவறையின் சராசரி இருநூற்று முப்பது. படுக்கையறையில் எழுபது. யானா குழந்தைகளோடு திரும்பி வந்தாள். விசிறியை நாங்கள் வைக்கவே இல்லை.

இன்னொரு சிக்கல் வந்தது. நிலத்தடியில் உள்ள எந்தத் திறப்பும் பூட்டியிருக்க வேண்டும் என்பது விதி. மேலதிகாரி கேட்டார், ஒரு பூட்டு போட்டோம். அன்று மாலையே யானாவிடமிருந்து போன் வந்தது. தரைக்கு அடியில் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறதாம். கோபமான தட்டல் இல்லை. பொறுமையான தட்டல். அவள் குரலில் பயம் இல்லாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பூட்ட எடுத்துரச் சொல்லுங்க மேடம்," என்றாள். "நானும் விடியக்காலம் வேலைக்குப் போறவதான். வேலை முடிஞ்சு வர்றவங்கள வாசல்ல நிக்க வைக்கக் கூடாது."

எடுத்துவிட்டோம். விதிவிலக்குக்கு நான் எழுதிய காரணம்: காற்றழுத்தச் சமநிலை. யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

ஆறு வருடமாகிறது. ஓசரின் ஆட்கள் வருடம் ஒருமுறை இறங்கிப் பார்க்கிறார்கள். அந்தப் பாதையின் இருபுறமும் கம்பி வலை போட்டு அடைத்தாயிற்று. எலிகூடப் போக முடியாது. வலையின் முத்திரை ஒருமுறைகூட உடைந்ததில்லை. ஆனாலும் கீல்கள் தேய்ந்துவிடுகின்றன. தினமும் திறந்து மூடும் கதவின் கீல் எப்படித் தேயுமோ, அப்படி. இதுவரை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது.

அடுத்த வருடம் நான் ஓய்வு பெறுகிறேன். என் இடத்துக்கு வருபவரிடம் ஹோல்ஸ்பாக் வீட்டைப் பற்றிச் சொல்லப்போவது இவ்வளவுதான். கதவு மூடியிருக்க வேண்டும். பூட்டக் கூடாது. கீலுக்கு வருடம் ஒருமுறை எண்ணெய் விட வேண்டும்.